திருமலைக் கடற்காற்றில் டூரா-ஏஸ் தேவையா?

ஷிமானோ கொம்பனியின் ரோட் சைக்கிள் கியர் செற்றுகளில் விலை கூடியது டூரா-ஏஸ், அடுத்தது அல்டெக்ரா, அதற்குக் கீழே 105. 12 வேக (பின்சில்லில் 12 பற்சக்கரம்) டூரா-ஏஸும் அல்டெக்ராவும் 2021இல் சேர்ந்தே வந்தன. அடுத்த ஆண்டு 105க்கும் மின் கியர் வந்துவிட்டது. மூன்றிலும் கியர் மாற்றும் முறை ஒன்றுதான், பற்றரியும் ஒன்றுதான். டூரா-ஏஸுக்கும் அல்டெக்ராவுக்கும் உள்ள நிறை வித்தியாசம் ஏறத்தாழ 280 கிராம். அரை லீற்றர் தண்ணிப் போத்தலில் பாதிக்குச் சற்று மேலே குடித்தால் அவ்வளவும் குறைந்துவிடும்.

நிறை குறைந்தால் ஏற்றத்தில்தான் பலன். நிலாவெளி வீதி, கன்னியா, கிண்ணியாப் பாலம் என்று ஓடுபவருக்கு ஏற்றம் எங்கே? கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையும் ஓர்ஸ் ஹில்லும் தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

விலை கூடக் கூடப் பாகம் நீடித்து உழைக்கும் என்று நினைக்க வேண்டாம். டூரா-ஏஸ் கசெட்டின் (பின்சில்லின் பற்சக்கரத் தொகுதி) பெரிய ஐந்து பற்சக்கரங்கள் ரைற்றேனியம். 105இல் எல்லாமே உருக்கு. உருக்குப் பல் மெதுவாகத் தேயும், விலையும் குறைவு. செராமிக் பெயரிங் இன்னும் மோசம். பெரும்பாலானவற்றில் குண்டுகள் மட்டுமே செராமிக், அவை ஓடும் வளையம் உருக்கு. உப்புக் காற்றில் அந்த வளையம் துருப்பிடித்தால் கொடுத்த காசு போச்சு.

மலைச் சைக்கிள் பக்கம் ஒரு பாகம் இன்னொரு பாகத்தை இழுத்துக்கொண்டு வரும். ஷிமானோவின் 10-51 கசெட்டுக்கு (சின்னச் சக்கரத்தில் 10 பல், பெரியதில் 51) மைக்ரோ ஸ்பிளைன் என்ற தனி வகை ஹப் (சில்லின் நடுப்பகுதி) வேண்டும். ஸ்ராம் என்ற இன்னொரு கொம்பனியின் 2023 ரி-ரைப் பின்கியரை அதற்கென்று அமைந்த பிரேமில்தான் பூட்டலாம். நம்முடைய சமதரையில் 51 பல்லை எப்போது போடப் போகிறோம்? ஷிமானோவின் 12 வேக ரோட் கசெட் இந்த வகையில் நல்ல பிள்ளை: பழைய 11 வேக ஹப்பிலேயே ஏறும்.

நம் தெரிவு 11 வேக 105, கேபிள் கியர், ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தால் சில்லின் நடுவிலுள்ள தட்டைப் பிடிப்பது). புதுமைக்குக் காசு கொடுப்பதென்றால் அந்தப் பிரேக்குக்குக் கொடுக்கலாம். மாரி மழையில் ரிம் பிரேக்கை விட நம்பி நிறுத்தலாம்; ஷிமானோவின் மினரல் எண்ணெய் டொட் (DOT) வகைப் பிரேக் திரவம்போல் ஈரத்தை உறிஞ்சாது.

இந்த 11 வேகக் கியர் மாற்றும் லீவருக்கு ஒரு பலவீனம் உண்டு. உள்ளே கேபிள் கூர்மையாக வளைவதால் தலைக்குக் கிட்டே இழை இழையாகப் பிரியும். கியர் பாரமாகவோ தயங்கியோ மாறினால் அன்றே கேபிளை மாற்றுங்கள். அறுந்து தலை உள்ளே சிக்கினால் தோண்டி எடுப்பது பெரும்பாடு.

மிச்சப்படும் காசை செயினில் போடுங்கள். புதுச் செயினில் அடுத்தடுத்த பின்களுக்கு (இணைப்பு ஊசிகளுக்கு) இடையிலான 24 இடைவெளிகள் சேர்ந்து சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் நீண்டால் தேய்மானம் 0.5 சதவீதம் தாண்டிவிட்டது. 11, 12 வேகத்தில் அத்தோடு மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் கசெட்டும் சேர்ந்து போகும். கடற்கரை ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, துடைத்து, காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். ஈரத்தின் மேல் விட்டால் உப்பும் உள்ளேயே அடைபடும். பெடலைக் கழற்றிப் புரியில் கிறீஸ் பூசுவதையும் மறக்கக்கூடாது. உருக்கு அச்சு அலுமினியக் கிராங்கில் இறுகிவிட்டால் கிராங்கோடுதான் வரும். இடது பெடலின் புரி எதிர்ப்புறம், கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.