டெவனா, கார்ன்வாலா?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஒட்டிக் கிடக்கும் இந்த இரண்டு கவுண்டிகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். நம்பிவிடாதீர்கள். லண்டன் பேடிங்டனில் ரயிலேறினால் டெவனின் எக்ஸிட்டருக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். கார்ன்வாலின் கடைசி நிலையமான பென்ஸான்ஸுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல். கையில் மூன்று நாள்தான் என்றால் டெவனோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வாரம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கார்ன்வால்தான்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எக்ஸிட்டரைத் தாண்டியதும் டாலிஷில் ரயில் பாதை கடல் சுவரின் மேலேயே ஓடுகிறது. 2014 பிப்ரவரிப் புயலில் அந்தச் சுவர் இடிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மீண்டும் ரயில் ஓட இரண்டு மாதமானது. எக்ஸிட்டரோடு இறங்குபவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

டெவனின் பலம் டார்ட்மூர். பாறைக் குன்றுகள் நிறைந்த மேட்டுநிலம், உச்சி 621 மீட்டர். மூடுபனி கவிந்தால் ஒரு குன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது, கைபேசி சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது. காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். வட பகுதியில் ராணுவத் துப்பாக்கிச் சூட்டுத் தளங்கள் இருக்கின்றன. சிவப்புக் கொடி பறந்தால் எல்லைக்குள் நுழையக் கூடாது. பயிற்சி நேரங்கள் இணையத்தில் முன்கூட்டியே வெளியாகும்.

வட கடற்கரையில் லின்டன்–லின்மவுத் மலைச்சரிவு ரயிலைத் தவறவிடாதீர்கள். 1890 முதல் ஓடுகிறது, இன்ஜின் கிடையாது. கம்பியால் பிணைத்த இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்த் தொட்டி. கீழே நிற்பது தண்ணீரைத் திறந்துவிட, மேலே உள்ளது பாரத்தால் இறங்கி மற்றதை இழுத்து ஏற்றிவிடும்.

டேமர் ஆற்றைக் கடந்தால் கார்ன்வால். சாலைப் பாலத்தில் உள்ளே போகக் கட்டணமில்லை. வெளியே வரும்போதுதான் வசூல். மேற்கு முனையில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய சுரங்கங்களின் இன்ஜின் கூடங்கள் பாறை விளிம்பில் நிற்கின்றன. லெவன்ட் சுரங்கம் கடலுக்கடியில் ஒரு மைலுக்கும் மேல் போனது. பக்கத்தில் போர்த்கர்னோ: 1870இல் பம்பாயோடு பிரிட்டனை இணைத்த கடலடித் தந்தித் தடம் கரையேறிய ஊர், இப்போது அருங்காட்சியகம். என் கணக்கில், கூட்டம் மொய்க்கும் மேற்குக் கோடி முனையான லேண்ட்ஸ் எண்டைவிட இதற்கே முதலிடம்.

கரையோரத் தீவான செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட்டில் பலர் ஏமாறுகிறார்கள். கடல் வற்றும்போது சுமார் நான்கு மணி நேரம்தான் கல்பாதை தெரியும். அந்த நேரமும் தினம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். நேற்று நடந்த நேரத்துக்கே இன்றும் போனால் முழங்காலளவு தண்ணீர்தான். கோடையில் படகு உண்டு, குளிர்காலத்தில் அதை நம்பிப் போகக் கூடாது.

செயின்ட் ஐவ்ஸுக்குள் காரைக் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். செயின்ட் எர்த்தில் விட்டுவிட்டுக் கிளை ரயிலில் ஏறி வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசமில்லை: ஸ்கோன் என்ற சிறு ரொட்டிமேல் டெவன்காரர் முதலில் கிரீம் தடவுவார், கார்ன்வால்காரர் ஜாம்.

தூரம்தான் தயக்கம் என்றால் பேடிங்டனில் நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பும் படுக்கை ரயில் காலை எட்டு மணிவாக்கில் பென்ஸான்ஸில் இறக்கிவிடும். சனிக்கிழமை இரவு மட்டும் ஓடாது.