ரிங்கா, ஸ்பாரிங்கா?

தேவனாம்பட்டினம் மணலில் விடியற்காலையில் ஓடிவிட்டு, கடலூரிலிருந்து பஸ் ஏறி பாண்டிக்குக் குத்துச்சண்டைப் பயிற்சிக்குப் போகும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, புரோவுக்குப் போகட்டுமா, இல்ல சம்பளத்துக்கு ஸ்பாரிங் பார்ட்னராப் போகட்டுமா?" புரோ என்றால் காசுக்கு மோதும் தொழில்முறைச் சண்டை. ஸ்பாரிங் பார்ட்னர் என்றால் சண்டைக்குத் தயாராகும் இன்னொரு வீரரோடு பயிற்சிக்காக மோதுகிறவர். தம்பி நல்ல உயரம். இடக்கைக்காரன். இடக்கைக்காரரோடு மோதப்போகிறவர்களுக்குப் பழக ஒரு இடக்கைக்காரர் வேண்டும், ஆனால் அப்படி ஆள் கிடைப்பது அரிது. அதனால்தான் இவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

பணத்தை மட்டும் பார்த்தால் ஆரம்பத்தில் ஸ்பாரிங்தான் மேல். கேம்ப், அதாவது சண்டைக்கு முந்தைய பயிற்சி முகாம், நடக்கும்வரை சம்பளம், சாப்பாடு, தங்க இடம். புரோவில் தொடக்கச் சண்டைகள் 4 ரவுண்டுதான். சண்டை நடந்தால்தான் காசு. அமெரிக்க வழக்கப்படி அதிலும் கோச்சுக்குப் பத்தில் ஒரு பங்கு, மேனேஜருக்கு மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும். நம் நாட்டில் புரோ சண்டைகளே குறைவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தர் சிங்கே 2015இல்தான் புரோவுக்குப் போனார்.

வேலையும் வேறு வேறு. ரிங்கில் உன் ஆட்டத்தை ஆடுகிறாய். ஸ்பாரிங்கில் இன்னொருவனின் எதிராளியாக மாற வேண்டும். அந்த எதிராளியின் ஜாபை (முன்னால் நிற்கும் கையால் விடும் நேர்க்குத்து), கால் நடையை அப்படியே காட்ட வேண்டும். அது ஒரு தனித் திறமை, அதை நான் உண்மையாகவே மதிக்கிறேன். ஆனால் வருஷக்கணக்கில் அடுத்தவன் ஆட்டத்தையே ஆடினால் சொந்த ஆட்டம் மழுங்கிப்போகும்.

எனக்குப் பெரிய கவலை அடிதான். புரோ சண்டையில் எத்தனை ரவுண்ட், யார் விழுந்தார் என்பதெல்லாம் பதிவாகும். நாக் அவுட் ஆனால், ஒழுங்காக நடக்கும் நாடுகளில் சில வாரங்களுக்காவது ரிங்கில் ஏற விடமாட்டார்கள். ஸ்பாரிங்கில் விழுந்தால்? தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ரவுண்ட். கனமான கிளவுஸும் ஹெட்கார்டும் முகம் கிழியாமல் காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. அடிபட்டே மூளை கெட்டுப்போவதைப் பற்றி ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதினார். பயிற்சிக்காக வைத்துக்கொள்ளப்படும் இரண்டாம் நிலை வீரர்களிடம் அது அதிகம், அவர்கள் ஒரே நாளில் பலமுறை விழுகிறவர்கள் என்று அப்போதே குறிப்பிட்டிருக்கிறார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகிறது. இன்னும் ஜிம்மில் விழும் அடியை யாரும் எண்ணுவதில்லை.

சரி, ஸ்பாரிங்கிலிருந்து மேலே வந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். முகமது அலிக்கு ஸ்பாரிங் செய்த லாரி ஹோம்ஸ் 1978இல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1980இல் அலியையே வென்றார். டைசனோடு ஸ்பாரிங் செய்த ஆலிவர் மெக்கால் 1994இல் லண்டனில் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை இரண்டாம் ரவுண்டில் வீழ்த்தினார். ஆனால் இவர்கள் ஸ்பாரிங்கில் இருந்தபோதே தங்கள் பெயரில் புரோ சண்டையும் போட்டவர்கள். கேம்ப் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. அதையே முழுநேரப் பிழைப்பாக்கிக்கொண்டவர்களின் பெயர் நமக்குத் தெரிவதே இல்லை.

தம்பிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ போலீஸோ. அதற்கு அமெச்சூர் போட்டிச் சான்றிதழ் வேண்டும். யாரை எத்தனை நாள் தயார்படுத்தினாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள்.

அதனால் அவனிடம் இப்படிச் சொன்னேன்: இப்போதைக்குப் புரோ வேண்டாம். ஸ்பாரிங்குக்குப் போ, ஆனால் ஒரு கேம்ப் மட்டும். மாநிலப் போட்டிக்கு முன்னால் திரும்பி வந்துவிடு. ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்ட் என்பதை முதலிலேயே எழுதி வாங்கு. விழுந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்து. டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கிளவுஸ் மாட்டாதே.

"யாருண்ணே எண்ணுவாங்க?" என்றான்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நாள், ரவுண்ட், தலையில் பலமாக விழுந்த அடி, ராத்திரி தலைவலி இருந்ததா என்று நாலு கட்டம் போட்டு.