பெயிண்டுக்கு அடியில் இருந்த எண்: சிறு கம்பெனி மினி டிராக்டர் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

25 குதிரைத்திறன், நான்கு சக்கர ஓட்டம், 800 கிலோ தூக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு மினி டிராக்டர், 61 மணி நேரம் ஓடியதும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய் நின்றுவிட்டது. இன்ஜின் கம்பெனி ஆள் வந்து பார்த்தார். டீசல் பம்பில் ஆர்பிஎம்மை (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) கட்டுப்படுத்தும் திருகின் சீல் உடைந்திருப்பதைக் காட்டி, வாரண்டி செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டிராக்டரைச் செய்த கம்பெனியைக் கேட்டால், இன்ஜின் எங்களுடையது அல்ல, அவர்களிடமே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சீலை உடைத்ததே இந்த டிராக்டர் கம்பெனிக்காரர்கள்தான். வாங்கியவர் அந்தத் திருகைத் தொட்டதுகூட இல்லை.

அதே வண்டியை முன்னால் நிறுத்தி, எங்கெங்கே ஏமாற்று நடந்தது, பணம் கட்டும் முன்பே எப்படிப் பிடித்திருக்கலாம் என்று பார்ப்போம்.

சிறு கம்பெனி டிராக்டர் என்பது பெரும்பாலும் கோத்த வண்டி. இன்ஜின் ஓரிடம், கியர் பாக்ஸ் ஓரிடம், ஹைட்ராலிக் பம்பு வேறிடம், முன் ஆக்சில் இன்னோரிடம். கோப்பதில் தப்பே இல்லை, பெரிய கம்பெனிகளும் பல பாகங்களை வெளியில்தான் வாங்குகின்றன. நேர்மையான சிறு கம்பெனிக்காரர் 'இன்ஜின் இன்னாருடையது, பம்பு இன்னாருடையது' என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். 'எல்லாம் நம்ம சொந்தத் தயாரிப்பு சார்' என்று மழுப்புகிற இடத்தில்தான் உஷாராக வேண்டும்.

முதலில் இன்ஜின் தட்டு. இந்த வண்டியில் தட்டின் மேல் கனமாக பெயிண்ட் அடித்திருந்தார்கள். தின்னர் தொட்ட துணியால் தேய்த்ததும் எழுத்து வந்தது: 16.2 கிலோவாட், 2800 ஆர்பிஎம். கிலோவாட்டை 0.7355 ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் கிடைக்கும். 22 வருகிறது, 25 இல்லை. மீதி மூன்று எங்கிருந்து வந்தது? திருகைத் திருப்பி 2800-ஐ 3000 ஆக்கியதில்தான். அதுவும் கணக்குக்கு நிற்கவில்லை. 2800-இல் 16.2 கிலோவாட் என்றால் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, சுமார் 55 நியூட்டன் மீட்டர். அதே டார்க் 3000-இலும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 55-ஐ 3000 ஆல் பெருக்கி 9550 ஆல் வகுத்தால் 17.3 கிலோவாட், அதாவது 23.5 குதிரை. நிஜத்தில் ஆர்பிஎம் ஏற ஏற டார்க் இறங்கும், அந்த 23.5 கூட வராது. வந்தது எல்லாம் அதிகச் சத்தம், அதிகச் சூடு, உடைந்த சீல்.

டீசல் பம்பில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: அதிகபட்ச வேகத் திருகில் கம்பி கோத்த ஈயச் சீலோ பெயிண்ட் முத்திரையோ முழுசாக இருக்கிறதா என்று. வண்டி வாங்கும் அன்றே தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் உடைத்தது என்ற சண்டைக்கே இடமில்லை.

கேஸ்கெட் போனதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் பானட்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தது. ஃபேன் இழுத்துப் பின்னால் தள்ளும் சூடான காற்று, அந்தச் சந்து வழியே சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. சும்மா ஓட்டிக் காட்டும்போது இது தெரியவே தெரியாது. மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் ஏறும். விற்பவர் பத்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டி முடிப்பதன் ரகசியம் அதுதான். நல்ல வண்டியில் அந்தச் சந்தில் ரப்பர் பட்டையோ ஸ்பாஞ்சோ வைத்து அடைத்திருப்பார்கள்.

பிடிஓ (கருவிகளை ஓட்ட இன்ஜின் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்) நிமிடத்துக்கு 540 சுற்று என்று நோட்டீஸில் போட்டிருந்தது. எந்த இன்ஜின் வேகத்தில் 540 என்று போடவில்லை. பிடிஓ ஷாஃப்டில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, ஒளி டாகோமீட்டரால் அளந்தால் 540 வருவதற்கு இன்ஜின் 2950-இல் ஓட வேண்டியிருந்தது. இன்ஜினின் உண்மையான வேகமான 2800-க்கு இறங்கினால் பிடிஓ 512தான். சுமை ஏறியதும் இன்னும் இறங்கும், ரோட்டவேட்டர் மண்ணைப் பொடியாக்காமல் கட்டி கட்டியாகப் புரட்டிப் போடும். 540 என்பது இன்ஜினின் உச்ச வேகத்துக்குச் சற்றுக் கீழேயே கிடைக்க வேண்டும். அப்போதுதான் சுமை விழும்போது டார்க் ஏறித் தாங்கும். ஷாஃப்ட் 35 மில்லிமீட்டர், ஆறு பள்ளம் உள்ளதா என்றும் பார்த்துவிடுங்கள். வேறு அளவு என்றால் கருவியோடு இணைக்கக் கடையில் கிடைக்கும் கார்டன் ஷாஃப்ட் எதுவும் சேராது. (அளக்கும்போது ஷாஃப்ட் மேல் உறை இருக்கட்டும், தொளதொள சட்டை வேண்டாம். விபத்து ஒரு நொடியில் முடிந்துவிடும்.)

லிஃப்ட் விஷயத்தில்தான் பொய் சொல்வது சுலபம். 800 கிலோ என்பது லோயர் லிங்க் (கருவியை மாட்டும் பின்பக்கக் கீழ்க் கைகள்) நுனி உருண்டையிலேயே தொங்கவிட்ட கணக்கு. கருவியின் பாரம் அங்கே இருப்பதில்லை, பின்னால் தள்ளி இருக்கும். அதனால்தான் உருண்டைக்கு 610 மில்லிமீட்டர் பின்னால் அளக்கும் முறை உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்களே அளக்கலாம்: 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் டிரம்மோடு சேர்த்து ஏறக்குறைய 218 கிலோ. இரண்டு டிரம்மை ஒரு இரும்புச் சட்டத்தில் பெல்ட் போட்டு இறுக்கி, அவற்றின் நடுமையம் உருண்டையிலிருந்து 610 மில்லிமீட்டரில் வரும்படி மாட்டுங்கள். இந்த வண்டி அதைப் பாதி உயரத்துக்குத் தூக்கியது, பிறகு அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு கீச்சிட்டது, அவ்வளவுதான். 436 கிலோவுக்கே இந்தக் கதி. முழு உயரம் போனாலும் அத்தோடு விடாதீர்கள். இன்ஜினை அணைத்து, தரையிலிருந்து உயரத்தை அளந்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் சிலிண்டர் சீலோ கண்ட்ரோல் வால்வோ ஒழுகுகிறது. தூக்கும்போது முன் சக்கரம் அந்தரத்தில் எழும்பினால் முன் எடை தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். லிங்க் ஊசி கேட்டகரி 1-க்கு (சிறு டிராக்டர்களின் கருவி இணைப்பு அளவு) கீழே 22, டாப் லிங்கில் 19 மில்லிமீட்டர். வெர்னியர் வைத்துப் பாருங்கள். லேத்தில் கடைந்து 20, 21 என்று போட்டுக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்; கருவி ஆடி ஆடியே ஓட்டை முட்டை வடிவமாகிவிடும்.

இந்த வண்டியில் நடந்ததில் மோசமானது முன் டயர்தான். காட்டிய வண்டியில் 7.00-12, வீட்டுக்கு வந்ததில் 6.00-12. 'ஸ்டாக் இல்லை சார், ஓட்டம் ஒன்றும் மாறாது' என்றார்களாம். நன்றாகவே மாறும். நான்கு சக்கர ஓட்டத்தில் முன் சக்கரம் தரையைப் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக, 1 முதல் 5 சதவீதம், இழுக்க வேண்டும். கியர் விகிதம் பெட்டிக்குள் நிலையாக இருப்பதால், முன் டயரின் சுற்றளவு சிறுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அளப்பது கடினமே இல்லை, சாக்கட்டி ஒன்று போதும். டயர்களில் சரியான காற்று அடித்துவிட்டு, கெட்டித் தரையில் நான்கு சக்கர ஓட்டத்தை எடுத்துவிட்டு, பின் சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை நேராக உருட்டுங்கள். முன் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். இதில் 16.4. அடுத்து இரண்டு ஆக்சிலையும் உறுதியான ஸ்டாண்டில் ஏற்றி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டு, டிஃபரன்ஷியல் லாக்கை (இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் பூட்டை) மிதித்துக்கொண்டு பின் சக்கரத்தைக் கையால் 10 சுற்று சுற்றுங்கள். இரண்டு முன் சக்கரமும் சுற்றியதைக் கூட்டி இரண்டால் வகுங்கள். இதில் 16.0. பதினாறை 16.4 ஆல் வகுத்தால் 0.976. ஒன்றுக்கு மேல் 1.01 முதல் 1.05 வரை வர வேண்டியது, ஒன்றுக்குக் கீழே போயிருக்கிறது. அதாவது முன் சக்கரம் வண்டியை இழுக்கவில்லை, பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. நான்கு சக்கர லீவர் சிக்கிக்கொண்டு, கொஞ்சம் ரிவர்ஸ் போனால்தான் விடுபடுகிறது என்றால் இதுதான் காரணமாக இருக்கும். நாள்பட்டால் முன் ஆக்சில் பெவல் கியர் பல் உடையும். உடைந்த பிறகு 'ஓவர்லோடு' என்று உங்கள் மேலேயே பழி வரும்.

டயரில் இன்னொன்று: பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1421 என்றால் 2021-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் செய்த டயர். 'புது வண்டி'யில் பழைய டயர் இருந்தால், அல்லது டயர் கட்டையின் நுனியில் இருக்கும் ரப்பர் முடிகள் தேய்ந்திருந்தால், ஏற்கெனவே ஓட்டிக் காட்டிக் காட்டி ஓய்ந்த வண்டி அது. மணிக்கணக்கு மீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது சின்ன வேலை. கிளட்ச் மிதியின் ரப்பரைப் பாருங்கள், அது பொய் சொல்லாது.

போல்ட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மினி டிராக்டர் பலவற்றில் தனி சேஸிஸ் கிடையாது. இன்ஜின், பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு), கியர் பாக்ஸ் மூன்றும் போல்ட்டில் இணைந்து நிற்பதுதான் முதுகெலும்பு. அந்த போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். மொட்டைத் தலையாக இருந்தால் சாதாரண மெத்து இரும்பு, அறுந்துவிடும். எம்12, 8.8 போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டரை ஒட்டி முறுக்கு வேண்டும். முதல் 10 மணி நேரம் ஓடியதும் டார்க் ஸ்பேனரால் ஒருமுறை சரிபாருங்கள். முன்னால் லோடர் (மண் அள்ளும் வாளி) மாட்டித் தருகிறேன் என்றால், அதன் சட்டம் பின் ஆக்சில் வரை போகிறதா என்று குனிந்து பாருங்கள். இன்ஜின் பக்கத்திலேயே நான்கு போல்ட்டோடு முடிந்தால் பெல் ஹவுசிங் விரிசல் விடும்.

கியர் ஆயிலை முதல் 50 மணி நேரத்தில் மாற்றச் சொல்வார்கள். மாற்றும்போது காந்தப் பிளக்கையும் சக்‌ஷன் வடிகட்டியையும் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று கருப்புக் குழைவு இருந்தால் பரவாயில்லை, கியர் பல் ஒன்றோடொன்று இழைந்த தூள் அது. நறநறவென்று மணல் தட்டினால் வார்ப்பு மணல் முழுசாகக் கழுவப்படவில்லை. அந்த மணல் முதலில் பதம் பார்ப்பது ஹைட்ராலிக் பம்பைத்தான். பல வண்டிகளில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஆயிலில் மூழ்கிய பிரேக்குக்கும் ஒரே ஆயில். அங்கே வெறும் கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் கிரீச்சிடும், அதற்கென்று உள்ள பொது டிராக்டர் ஆயில்தான் வேண்டும்.

ஏமாற்று புதுசும் இல்லை. 1910-களில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஃபோர்டு டிராக்டர் கம்பெனி என்று ஒன்று இருந்தது. ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபோர்டு என்று பெயருள்ள வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரில் வண்டி விற்றார்கள். அதை வாங்கி நொந்துபோன நெப்ராஸ்கா விவசாயி வில்மட் குரோசியர் சட்டமன்றத்துக்குப் போனார், 1919-இல் சட்டமே வந்தது: விற்கும் மாடலைப் பல்கலைக்கழகம் சோதிக்க வேண்டும், உதிரி பாகம் உள்ள சர்வீஸ் நிலையம் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். 1920-இல் சோதனை தொடங்கியது.

சோதனை அறிக்கை காட்டுகிறார்களா? நல்லது, ஆனால் முதல் பக்கத்தோடு நிற்காதீர்கள். உள்ளே இன்ஜின் மாடல், ஆர்பிஎம், டயர் அளவு எழுதியிருக்கும். நீங்கள் வாங்கும் வண்டியோடு மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இந்த வண்டிக்குக் காட்டிய அறிக்கை அதே கம்பெனியின் இன்னொரு மாடலுடையது. கவிழ்ந்தால் காக்கும் கம்பி வளைவுக்கும் தனித் தட்டு இருக்க வேண்டும், எந்த மாடலுக்குச் சோதித்தது என்று. தட்டில்லாமல் குழாயை வளைத்து வெல்டிங் வைத்திருந்தால் அது அலங்காரம்.

உதிரி பாகத்துக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன், பாகப் பட்டியல் புத்தகத்தைக் கேட்டு, அதிலிருந்து கிளட்ச் பிளேட்டையோ பின் ஆக்சில் ஆயில் சீலையோ மட்டும் ஆர்டர் போடுங்கள். எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். புத்தகமே இல்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. பேரிங் எண்களையும் கேளுங்கள். 6206 என்று சொன்னால் 30-62-16 அளவு, உலகத்தில் எங்கும் கிடைக்கும். எண்ணைக் கிரைண்டரில் தேய்த்து அழித்திருந்தால், அந்தப் பாகத்துக்கு ஆயுசுக்கும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் '25 எச்பி டிராக்டர் ஒன்று' என்று எழுத விடாதீர்கள். இன்ஜின் தயாரிப்பாளர், மாடல், தட்டில் உள்ள கிலோவாட், ஆர்பிஎம். கியர் பாக்ஸ், ஹைட்ராலிக் பம்பு, முன் ஆக்சில் ஒவ்வொன்றும் யாருடையது. நான்கு டயரின் அளவு. 610 மில்லிமீட்டரில் தூக்கும் எடை. சேஸிஸ் எண், இன்ஜின் எண். கூடவே இந்த வாசகம்: 'இன்ஜின் உட்பட எல்லாப் பாகங்களுக்கும் வாரண்டிப் பொறுப்பு விற்பவருடையதே.' கடைசி ஐந்தில் ஒரு பங்குப் பணம், உங்கள் நிலத்தில் உங்கள் கருவியோடு இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் மேற்கொண்டு பேரம் பேச ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எதையும் கழற்றாதீர்கள். கேஸ்கெட் போன அந்த வண்டியில் பக்கத்துப் பட்டறைக்காரர் நல்லெண்ணத்தோடு ஹெட்டைக் கழற்றிவிட்டார், இருந்த சாட்சியில் பாதி அதோடு போயிற்று. தட்டு, சீல், டயர் எண், மணி மீட்டர், ஒழுகும் இடம் எல்லாவற்றையும் முதலில் படம் எடுங்கள். வடித்த ஆயிலில் அரை லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் மூடி வையுங்கள். புகாரைத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல், எத்தனையாவது மணி நேரத்தில் என்ன நடந்தது என்று எழுதி, இன்ஜின் கம்பெனிக்கும் டிராக்டர் கம்பெனிக்கும் ஒரே நாளில், ஒரே கடிதமாக, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிப்பது அதன் பிறகு அவ்வளவு சுலபமில்லை.