மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு கல்லூரி: கிரின்னல்

அமெரிக்காவில் படிக்க இடம் தேடும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்களின் பெயர்களைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். என் அக்கா மகள் கிரின்னல் என்று சொன்னபோது, சிகாகோவிலிருந்து மேற்கே பலமுறை வண்டி ஓட்டிப் போயிருக்கும் எனக்கே அது 80ஆம் எண் நெடுஞ்சாலையில் கண்ணில் பட்டு மறையும் ஒரு பெயர்ப்பலகையாகத்தான் நினைவுக்கு வந்தது. அவளை அங்கே சேர்த்த பிறகு மூன்று ஆண்டுகளில் நான்கு முறை போய்த் தங்கியிருக்கிறேன். பார்த்ததையும் அவளிடம் கேட்டதையும் வைத்து, இதே யோசனையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

அயோவா மாநிலத்தின் நடுப்பகுதியில், டெமாயின் நகரத்துக்குக் கிழக்கே ஒரு மணி நேரத் தொலைவில் கிரின்னல் இருக்கிறது. ஊரில் ஏறத்தாழ 9,500 பேர். கல்லூரியில் சுமார் 1,700 மாணவர்கள். ஊர் எல்லையைத் தாண்டினால் மக்காச்சோளமும் சோயாவும்தான். 1846இல் வேறோர் ஊரில் தொடங்கிப் பின்னர் இங்கே இடம் மாறிய கல்லூரி இது. வளாகத்தின் ஊடாகவே தண்டவாளம் போகிறது. சரக்கு ரயில் கடக்கும்வரை வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் நின்று காத்திருக்க வேண்டும். இத்தனை ரயில் சத்தம் கேட்கும் ஊரில் ஏறிப் போவதற்கு ஒரு பயணிகள் ரயில் கிடையாது என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

படிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இங்கே எல்லாரும் கட்டாயம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று: முதல் பருவத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் மட்டும் அமர்ந்து, ஆசிரியர் தேர்ந்தெடுத்த ஒரு பொருளைப் பற்றி வாசித்து, விவாதித்து, எழுதி, திருத்தி, மறுபடியும் எழுதும் ‘டியூட்டோரியல்’ வகுப்பு. மற்றபடி கணக்கு ஒன்று, மொழி ஒன்று, அறிவியல் ஒன்று என்று எந்த நிபந்தனையும் இல்லை. அந்த வகுப்பை நடத்துபவரே, மாணவர் தம் முதன்மைப் பாடத்தை அறிவிக்கும்வரை அவருக்கு ஆலோசகராகவும் இருக்கிறார். கணினி அறிவியல் படிக்கப் போன எங்கள் பெண் இரண்டாம் பருவத்தில் மானுடவியலில் ஒரு வகுப்பு எடுத்தாள். “அவர் வேண்டாம்னு சொல்லல மாமா, ஏன்னு மட்டும் கேட்டார், பதில் சொல்லத்தான் எனக்கு ஒரு வாரம் ஆச்சு” என்றாள்.

இந்தக் கல்லூரியின் பலமும் பலவீனமும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கின்றன. பாடத்திட்டத்தைக் கையில் கொடுத்து, முக்கிய வினாக்களைக் குறித்துக் கொடுத்து, இதைப் படித்தால் போதும் என்று யாராவது சொல்வதற்குப் பழகிய பிள்ளை இங்கே முதல் ஆண்டு முழுவதும் தவித்துப்போவான். ஆசிரியர் அறைக் கதவைத் தட்டி, புரியவில்லை என்று கூசாமல் சொல்லத் தெரிந்தவனுக்கோ இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். பாடம் நடத்த ஆய்வு மாணவர்களை அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளே இல்லாததால், பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கூட நிற்பவர்களும் இளங்கலை மாணவர்கள்தான். பொறியியல் பட்டம் இங்கே இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை விசாரிக்காமல் விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு சிறிய கல்லூரிக்கு இவ்வளவு வசதி எப்படி என்ற கேள்வி எனக்கு முதல் நாளே எழுந்தது. அறிவியல் கட்டடத்தின் பெயரில் அதற்கான விடையில் ஒரு பகுதி இருக்கிறது. கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் 1949இல் இங்கே பட்டம் பெற்றவர். மாணவராக இருந்தபோது விடுதி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி ஒன்றைத் திருடி மாட்டிக்கொண்டு, ஒரு பருவம் வெளியே நிறுத்தப்பட்டார். அவர் அடியோடு நீக்கப்படாமல் காத்தவர்களில் இயற்பியல் பேராசிரியர் கிராண்ட் கேலும் ஒருவர். அந்தச் சில்லுகளுக்கு அடிப்படையான டிரான்சிஸ்டரை நாய்ஸுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. பிற்பாடு இன்டெல் தொடங்கியபோது கல்லூரி அதில் பணம் போட்டது. அந்த முதலீட்டின் பலனை மாணவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள்: வளாகத்தில் நடக்கும் கச்சேரி, நாடகம், திரைப்படம் எதற்கும் அவர்கள் பணம் கொடுப்பதில்லை.

விடுதி வாழ்க்கையில் குறிப்பிட வேண்டியது, வடக்குப் பகுதியிலும் தெற்குப் பகுதியிலும் அந்தந்தப் பகுதி விடுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கூரையிட்ட நீண்ட நடைபாதை. அக்டோபரில் அது வெறும் அழகுக்கு என்று நினைத்தேன்; வெப்பநிலை பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே போன ஜனவரி இரவில்தான் அதன் அருமை தெரிந்தது. சாப்பாடு அனைவருக்கும் ஒரே பெரிய உணவுக்கூடத்தில். சைவம் கிடைக்கும், ரசம் கிடைக்காது. இந்திய மளிகைக் கடைக்கு டெமாயினுக்கோ அயோவா சிட்டிக்கோ போக வேண்டும் என்பதால், நான் போகும்போதெல்லாம் பின்னிருக்கை முழுவதும் அரிசியும் பருப்பும் ஊறுகாயும்தான். உணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள் 2016இல் தங்களுக்கென்று ஒரு தொழிற்சங்கமே அமைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு மாணவர்கள் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரை வளாகத்துக்குள் வேலை செய்ய விசா விதி இடம் தருவதால், கைச்செலவுக்கு அது உதவுகிறது.

ஊர் என்று பார்த்தால், 1914இல் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லூயி சலிவன் கட்டிய வங்கிக் கட்டடம் ஒன்று, நகைப்பெட்டி போல, தெருமுனையில் நிற்கிறது. அதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். மற்றபடி ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். வார இறுதியில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, யார் அறையிலாவது சமைப்போம், மாணவர்களே நடத்தும் காபிக் கடையில் உட்காருவோம், இல்லாவிட்டால் படிப்போம் என்றாள். ஒரே முகங்களை நான்கு ஆண்டுகள் பார்ப்பதில் ஒரு நெருக்கமும் உண்டு, ஒரு மூச்சுமுட்டலும் உண்டு. தோழியோடு மனக்கசப்பு வந்தால் உணவுக்கூடத்தில் ஒளிந்துகொள்ள மூலையே இல்லை.

கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். சேர்த்துக்கொள்ளும் பிள்ளைக்குத் தேவைக்கேற்ற உதவி தருகிறார்கள் என்றாலும், வெளிநாட்டு விண்ணப்பங்களில் குடும்பத்தின் பண வசதியையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆகவே உதவி கேட்பதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வீட்டில் பேசித் தீர்மானியுங்கள். நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால், இலைகள் சிவந்திருக்கும் அக்டோபரை விட்டுவிட்டு, பிப்ரவரியில் பிள்ளையை அழைத்துப் போங்கள்.