பெயர் எழுதாத குளிசை உறையை வாங்காதீர்கள்

யாழ். நகரை அண்டிய ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் என் அம்மாவுக்கு மனச்சோர்வுக்கான குளிசை கொடுத்தார்கள். அது உடம்பில் என்ன செய்யக்கூடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிசையின் பெயரைக்கூட எழுதித் தரவில்லை. சில கிழமைகளுக்குள் அவருடைய இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து, அவரை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டியதாயிற்று. வயது போன தாய் தகப்பனை வீட்டில் வைத்திருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிலையத்தின் பெயரையோ வைத்தியரின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. மருந்தை நான் குறைசொல்லவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் முறைப்பாடு அது கொடுக்கப்பட்ட விதத்தைப் பற்றியது.

அப்பாவின் அந்தியேட்டி முடிந்த பிறகு அம்மாவுக்கு நித்திரை இல்லை. சாப்பாட்டில் மனம் இல்லை. ஆட்களோடு கதைப்பதும் குறைந்துவிட்டது. அந்த நிலைக்கு மருந்து தேவைப்பட்டது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அங்கே காத்திருந்த நேரத்தோடு பார்த்தால் வைத்தியரின் முன் இருந்த நேரம் மிகச் சொற்பம். அம்மா பிரஷருக்காக நெடுங்காலமாக ஹைட்ரோகுளோரோதயசைட் எடுப்பவர். அது அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தது. கொப்பி மேசையில் வைத்தியரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்கவுமில்லை. உள்ளேயிருந்த டிஸ்பென்சரியில் ஒரு சிறிய கடுதாசி உறை தந்தார்கள். அதன் மேல் நீலப் பேனையால் "இரவு 1" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். குளிசை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டியிருந்ததால், பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் அவற்றின் பக்கத்தில் ஓர் இலக்கமும் மட்டுமே ஓரத்தில் மிஞ்சியிருந்தன. பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் விளக்கத்தாள் பெட்டியோடு அங்கேயே தங்கிவிட்டது.

அந்தக் குளிசை எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் என்பதை நாங்கள் அறிந்தது மிகவும் பிந்தித்தான். முதியோருக்கு இதை 5 மில்லிகிராமில் தொடங்குவதே வழமை. 10 மில்லிகிராம் என்பது அவர்களுக்கான உச்ச அளவு. அம்மாவுக்கு உச்ச அளவிலேயே தொடங்கியிருந்தார்கள்.

முதலில் வந்தது வியர்வை. சோளகம் வீசும் இரவிலும் தலையணை நனைய வியர்த்தது. பிறகு நித்திரையில் பல்லை நறநறவென்று கடிக்கத் தொடங்கினார். காலையில் தாடை நோகிறது என்றார். முழங்கால் நோவுக்கு அதே இடத்தில் டைக்குளோபெனக்கும் கொடுத்திருந்தார்கள். முன்னங்கையில் இடிபடாமலே கண்டல்கள் தோன்றின. எஸ்சிட்டலோபிராம் போன்ற குளிசைகள் இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகளின் வேலையைச் சற்று மந்தமாக்குவதால், டைக்குளோபெனக், இபுபுரோபென், அஸ்பிரின் போன்றவற்றோடு சேரும்போது இரைப்பையில் இரத்தக் கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. இவை இரண்டையும் சேர்த்தே ஆக வேண்டிய நிலையில் இரைப்பையைக் காக்கும் மருந்தும் கொடுப்பார்கள் என்பதைப் பின்னர் விடுதி வைத்தியர் சொல்லித்தான் அறிந்தோம்.

இவையெல்லாம் சிறியவை. பெரியது மெதுவாக வந்தது. தலையிடி, ஓங்காளம், நடையில் தள்ளாட்டம் என்று ஒவ்வொன்றாகக் கூடின. மோர்மிளகாய் காயப்போடுவதில் அம்மாவை மிஞ்ச எங்கள் ஒழுங்கையில் ஆளில்லை. அவர் ஒருநாள் பொழுதுபட்ட பிறகு மிளகாய்த் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வெயில் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். உடனே திரும்பவும் அந்த நிலையத்துக்குக் கொண்டுபோனோம். "வயசு போன ஆக்களுக்கு இப்பிடித்தான் தங்கச்சி, கன தண்ணி குடிக்கக் குடுங்கோ" என்று வைத்தியர் சொல்லி, தலைச்சுற்றுக்கு ஒன்றும் சத்திக்கு ஒன்றுமாக, பெயரில்லாத இரண்டு உறைகளை மேலும் தந்து அனுப்பினார். சொன்னபடியே தண்ணீரும் இளநீருமாகக் கொடுத்தோம். அந்த ஆலோசனை நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் உறவினர்களில் பலர் இன்றும் "உப்பைக் குறைத்துச் சாப்பிட்டதால் வந்தது" என்றே நினைக்கிறார்கள். சின்னம்மா கஞ்சியில் உப்பைக் கூட்டிக் கொண்டுவந்து தந்தார். அடுப்படி உப்புக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. எஸ்சிட்டலோபிராம் போன்று, செரட்டோனின் என்ற மூளை இரசாயனம் சார்ந்த மனச்சோர்வு மருந்துகள் சிலருடைய உடலில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹோர்மோனை அளவுக்கு மேல் சுரக்கச் செய்கின்றன; அப்போது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய நீரை உடம்பிலேயே நிறுத்திவிடுகிறது; இரத்தம் நீர்த்துப்போய் அதிலுள்ள சோடியத்தின் செறிவு குறைகிறது. அந்த நிலையில் மேலும் மேலும் தண்ணீர் குடித்தால் இரத்தம் இன்னும் நீர்க்கும். 65 வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், மெலிந்த உடம்புக்காரர், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்று சிறுநீரைக் கூட்டும் பிரஷர்க் குளிசை எடுப்பவர்கள் ஆகியோருக்கே இந்த ஆபத்து அதிகம். அந்தப் பிரஷர்க் குளிசை தனியாகவே சோடியத்தைக் குறைக்கக்கூடியது. பெரும்பாலும் முதல் சில கிழமைகளுக்குள்ளேயே இது நேர்கிறது. அம்மா இந்த நான்கு வகையிலும் அடங்குபவர். சோடியத்தைப் பார்ப்பதற்கு ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். யாழ்ப்பாணத்தில் தனியார் ஆய்வுகூடங்களிலும் அதைச் செய்கிறார்கள்.

அம்மா கிணற்றடியில் விழுந்தார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அம்மாவுக்கு 118 இருந்தது. இன்னும் குறைந்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார்கள். என்ன குளிசை எடுத்தவர் என்று விடுதி வைத்தியர் கேட்டபோது எங்களிடம் காட்டுவதற்கு மூன்று கடுதாசி உறைகள்தான் இருந்தன. சிகிச்சை நிலையமோ மாலையில் மட்டுமே திறக்கும். தொலைபேசியை எவரும் எடுக்கவில்லை. கடைசியில் அந்த வெட்டிய அட்டைத் துண்டை வைத்துக்கொண்டு ஒரு மருந்தாளர்தான் கண்டுபிடித்துத் தந்தார். அதுவரை பக்கவாதமா என்று தலையை ஸ்கான் செய்ய வேண்டியிருந்தது. பெயர் எழுதியிருந்தால் இந்த அலைச்சல் ஒன்றும் இருந்திராது.

எஸ்சிட்டலோபிராமையும் பிரஷர்க் குளிசையையும் நிறுத்தி, குடிக்கும் நீரை அளந்து கொடுத்து, சோடியத்தை மெல்ல மெல்ல உயர்த்தினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளை நரம்புகளின் உறை பாதிக்கப்படலாம் என்பதால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அம்மா தெளிந்தார். பின்னர் ஒரு மனநல வைத்தியர் ஆறுதலாக இருந்து கதைத்து, சோடியத்தைக் குறைக்கும் ஆபத்து ஒப்பீட்டளவில் குறைவான மிர்ட்டசப்பின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சிறிய அளவில் தொடங்கினார். நித்திரை கூடும், பசி கூடும், நிறையும் ஏறலாம், இன்ன நாளில் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று அனைத்தையும் முன்கூட்டியே சொன்னார். சொன்ன எல்லாவற்றுக்கும் பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. நேரமில்லை என்ற சாக்கை அதன் பிறகு நான் நம்புவதில்லை.

இதைக் கேள்விப்பட்ட ஊரவர் சிலர் தங்கள் வீட்டில் எடுக்கும் குளிசையை அன்றைக்கே நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அம்மாவுக்கு வைத்தியசாலையில், கண்காணிப்பின் கீழ், ஆபத்தின் நிமித்தம் நிறுத்தினார்கள். வீட்டில் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, ஓங்காளம், பயங்கரக் கனவு, தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பரொக்செற்றின், வென்லபக்சின் ஆகிய மனச்சோர்வு மருந்துகளில் இது கூடுதல். வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். இளம் ஆண்களும் பெண்களும் சொல்லாமலே நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும் உச்சநிலை தாமதிப்பதும் இந்தக் குளிசைகளின் சாதாரணப் பக்கவிளைவுகள். எங்கள் ஊரில் வைத்தியரும் கேட்பதில்லை, நோயாளியும் வாய் திறப்பதில்லை. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழியுண்டு.

நித்திரைக்கென்றும் நரம்பு நோவுக்கென்றும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மருந்துதான். அது வாய் வறட்சி, மலச்சிக்கல், சலம் கட்டுதல் (சிறுநீர் போகாமல் தங்குதல்) ஆகியவற்றை உண்டாக்கும். புரஸ்ரேட் வீக்கம் உள்ள முதியவர்களும், கண்ணில் அழுத்தம் உள்ளவர்களும் எடுக்குமுன் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சிகிச்சை நிலையத்தின் உரிமையாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். குளிசைக்காசையும், வைத்தியரைப் பார்க்கக் கட்டிய சனல் காசையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். காசு வேண்டாம், இனிமேலாவது உறையில் பெயரையும் அளவையும் எழுதுங்கள் என்றேன். அதற்கு அவர், "பேர் எழுதினா ஆக்கள் பிறகு எங்களிட்ட வராயினம், பாமசியில தாங்களே வாங்கிப் போடுவினம்" என்றார். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் சபைக்கும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்கும் நான் பதிவுத்தபாலில் அனுப்பிய முறைப்பாட்டில் அந்தப் பதிலை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். மூன்று உறைகளையும் வெட்டிய அட்டைத் துண்டையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். இதேபோன்று பெயரில்லாத உறையில் குளிசை வாங்கிப் பாதிக்கப்பட்டவர்கள் உறையை எறியாமல், வாங்கிய திகதியை அதன் மேல் குறித்து வைத்து, தங்கள் முறைப்பாட்டையும் தனியாக அனுப்புங்கள்.