பெரியவர்கள் படத்தைப் பெரிதாக்கக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? வேலூரில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய போட்டோவைச் சரிசெய்து, பெரிதாக்கி, பெயர் போட்டு, ஃபிரேம் மாட்டித் தரும் கடைகள் வேலூரில் நிறைய இருக்கின்றன. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு கடையில் எங்கள் ஆயாவின் படத்தைக் கொடுத்து ஏமாந்தோம். வீட்டுப் பெரியவர்களின் படம் ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

ஆயா குடியாத்தத்தில் பீடி சுற்றிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். முதல் வருஷத் தெவசத்துக்குள் கூடத்தில் ஒரு படம் மாட்ட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். மாமா கல்யாணத்தில் எடுத்த 4-க்கு 6 அங்குல கலர் பிரிண்ட் ஒன்றில்தான் முகம் தெளிவாக இருந்தது. அந்தக் காலத்துக் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்து, படம் சிவப்பேறிப் போவது வழக்கம். இதுவும் சிவந்துதான் கிடந்தது. ஆனால் ஆயாவின் நெற்றியில் குத்திய பச்சையும், முகவாயில் இருந்த மூன்று பச்சைப் புள்ளிகளும், சிரிக்கும்போது முன்பல்லுக்கு நடுவில் தெரியும் சந்தும் அப்படியே இருந்தன.

"முழுக்கக் கையால ரீடச் பண்றது சார், ஆப்பெல்லாம் கிடையாது" என்றார் கடைக்காரர். 12-க்கு 18 அங்குலம், ஃபிரேமோடு, பெயர் தங்க எழுத்தில், 2,500 ரூபாய். 1,500 முன்பணம் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, கடைசியில் மொத்தமாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். ஸ்கேன் எடுத்துவிட்டு ஒரிஜினலை உடனே கொடுங்கள் என்று கேட்டேன். மிஷின் வேறு இடத்தில் இருக்கிறது, படம் இங்கேயே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

படம் வந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருடா?" என்று கேட்டார். நெற்றிப் பச்சை இல்லை. முகவாய்ப் புள்ளிகள் இல்லை. பல் வரிசை முத்துக் கோத்தது மாதிரி இருந்தது. கன்னம் வழவழவென்று, சுருக்கமே இல்லாமல் இருந்தது. நிறத்தையும் வெளுக்க அடித்திருந்தார்கள். இடது காதுத் தோடு ஒரு வடிவம், வலது காதுத் தோடு வேறு வடிவம். கடைக்காரரிடம் கேட்டால், "பாட்டி பத்து வயசு கொறஞ்சு அழகாத்தானே சார் இருக்காங்க?" என்கிறார். எங்களுக்கு வேண்டியது அழகான ஒரு பாட்டி அல்ல, எங்கள் ஆயா.

நடந்தது என்னவென்று, அந்தப் படத்தைப் பிறகு ராணிப்பேட்டையில் இந்த வேலை செய்யும் ஒருவரிடம் காட்டியபோது அவர் விளக்கினார். ஒரிஜினலை ஸ்கேன் செய்யாமல் செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், நீளப் பக்கம் ஏறக்குறைய 1,600 பிக்சல்தான் மிஞ்சும். 18 அங்குலத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சடிக்க 5,400 பிக்சல் வேண்டும். இல்லாததை எங்கிருந்து கொண்டுவருவது? முகத்தைத் தெளிவாக்கும் ஆப் ஒன்றில் போட்டுவிட்டார்கள். அந்த ஆப்களுக்கு எங்கள் ஆயாவைத் தெரியாது. எத்தனையோ முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இங்கே ஒரு கண் இப்படி இருக்கும், இங்கே ஒரு பல் இப்படி இருக்கும் என்று தானாக வரைந்து நிரப்பும். குத்திய பச்சை அதற்கு வெறும் கறை, அழித்துவிடும்.

கையால் செய்கிறவர்கள் வேறு மாதிரி வேலை செய்வார்கள். போட்டோஷாப்பில் 'ஹீலிங் பிரஷ்' 2002-லேயே வந்துவிட்டது. கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் பக்கத்துத் தோலின் இழையை எடுத்து மூடுவதற்கான கருவி அது. அதை முகம் முழுக்க ஓட்டினால் மச்சம், தழும்பு எல்லாம் போய்விடும். அதனால் எது கீறல், எது ஆளின் அடையாளம் என்று முதலில் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வார்கள். நிறத் திட்டுகளை ஒரு லேயரிலும் (படத்தின் மேல் படமாக அடுக்கும் தனி அடுக்கு) தோலின் இழையை இன்னொரு லேயரிலும் பிரித்து வைத்துக்கொண்டு, திட்டை மட்டும் சமன் செய்வதும் உண்டு. அப்படிச் செய்த படத்தில் சுருக்கமும் தோலின் சொரசொரப்பும் தங்கும். பிரிண்ட் போடுவதற்கு முன்னால் கடையின் கம்ப்யூட்டரிலேயே படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். நெற்றிக் கோடு, புருவ முடி, இரண்டு காது நகை, இரண்டு கண்ணிலும் வெளிச்சம் விழும் பக்கம், இவற்றைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். காட்ட மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. பளபளவென்று புடைப்பும் நிழலும் கொடுத்துத் தங்கத்தில்தான் போட்டிருந்தார்கள். ஆனால் 'தோற்றம்' என்பதில் கொம்பு த-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'மறைவு' என்பதில் ஐகாரக் கொம்பு ற-வைத் தாண்டி நிற்கிறது. யூனிகோடில் தட்டிய தமிழ் போட்டோஷாப்பில் இப்படி உடைவது பழைய தொல்லைதான், ஆனால் தீர்வும் எப்போதோ வந்துவிட்டது. எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பேனர் அடிக்கும் சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. பிழையைக் காட்டியதும், "ஃபைலை ஒண்ணாச் சேத்தாச்சு சார், திரும்பப் பண்ணணும்னா 600 ஆகும்" என்றார். எழுத்தைத் தனி லேயராக வைத்திருந்தால் அதன் மேல் போட்ட தங்கமும் புடைப்பும் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் நிமிஷத்தில் மாற்றிவிடலாம். லேயர்களோடு சேமித்த ஃபைலையும் எனக்குத் தர வேண்டும் என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள். லேயரெல்லாம் ஒன்றாகிப்போன ஜேபெக் ஃபைல் மட்டும் கையில் இருந்தால் எந்தக் கடைக்குப் போனாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பணத்தோடு போனது என்று விடலாம். ஒரிஜினலை அவர்கள் திருப்பிக் கொடுத்த விதத்தைத்தான் அம்மாவால் இன்னும் தாங்க முடியவில்லை. ஆல்பத் தாளோடு ஒட்டியிருந்ததை பிளேடால் பிய்த்து எடுத்ததில் ஒரு மூலை கிழிந்திருக்கிறது. பின்பக்கத்தில் ஆர்டர் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறார்கள். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், ஆயாவின் புடவைத் தலைப்பில் அந்த எண் புடைத்துத் தெரிகிறது. கேட்டால், கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள்.

நல்லவேளையாகக் கடைக்குப் போவதற்கு முன்பே அதை என் போனில் எடுத்து வைத்திருந்தேன். நீங்களும் கொடுக்கும் படத்தை முன்னும் பின்னும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேச்சுக்கு இடமிருக்காது.

பில் தராமல் இழுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். ஒரு போட்டோவுக்காக இவ்வளவா என்று சொந்தத்திலேயே கேட்கிறார்கள். இவ்வளவும் வேண்டும்.

ராணிப்பேட்டைக்காரர் கிழிந்த பிரிண்டை எங்கள் கண்ணெதிரே 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்து, அப்போதே கையில் கொடுத்துவிட்டார். 4-க்கு 6 படத்தில் அப்போது 2,400-க்கு 3,600 பிக்சல் கிடைக்கும், 8-க்கு 12 அங்குலத்துக்கு அது சரியாகப் போதும், அதற்கு மேல் இழுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்கிறார். வேலை இன்னும் முடியவில்லை.

மகாளய அமாவாசை நெருங்க நெருங்க இந்தக் கடைகளில் கூட்டம் கூடும். ஏற்கெனவே படம் கொடுத்திருப்பவர்கள் வேலை முடியும்வரை காத்திருக்காமல் ஒரிஜினலை இப்போதே போய் வாங்கிவிடுங்கள். வாங்கியதும் கடை வாசலிலேயே சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.