நாகர்கோவிலில் டிரைபாட் வாங்கி ஏமாந்தேன்: உட்கார்ந்து சுடுகிறவர்கள் கவனத்திற்கு

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தரையில் படுத்தோ சம்மணமிட்டோ சுட இயலாத நிலையில், நாற்காலியில் அமர்ந்து 50 மீட்டர் தொலைவுக்கு ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பயிற்சி செய்து வருகிறேன். ஆரல்வாய்மொழிக்கு அருகே, பின்புறம் உயர்ந்த மண்கரை உள்ள மைத்துனரின் நிலமே என் பயிற்சிக் களம். ஆடிக் காற்றில் பழைய தாங்கி நிலைகொள்ளவில்லை என்பதால், சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு கடையில் 14,500 ரூபாய் கொடுத்து, துப்பாக்கியின் முன்புறத்தைத் தாங்கும் மூன்றுகால் டிரைபாடும் பின்முனைக்கு அடியில் வைக்கும் மணல் பையும் வாங்கினேன். கார்பன் ஃபைபர் கால்கள், 25 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. "அண்ணாச்சி, இதுல யானைய ஏத்தினாலும் அனங்காது" என்றார் கடைக்காரர். அந்தச் சொல்லை நம்பி, கால்களை முழுதாக இழுத்துப் பார்க்காமலேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாளே குண்டு படும் இடம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. காற்றைக் குறை சொல்லாமல், கீழ்க்காலை இறுக்கும் பூட்டின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, வழக்கம்போல் துப்பாக்கியோடு சாய்ந்து 10 நிமிடம் அமர்ந்திருந்தேன். எழுந்து பார்த்தபோது கோட்டைக் காணவில்லை. குழாய் 4 மில்லிமீட்டர் பூட்டுக்குள் இறங்கியிருந்தது. அந்த இடத்தில் நகத்தால் கீறியதும், பின்னல் வடிவம் அச்சிட்ட ஒட்டுத்தாள் சுருண்டு எழுந்து வந்தது. உள்ளே வெள்ளை அலுமினியம். உண்மையான கார்பன் குழாயென்றால் வெட்டுமுனையும் உட்புறமும் கறுப்பாகவே இருக்கும். கடையிலேயே கீழ்க்காலைக் கழற்றி அதன் வாயைப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அலுமினியம் என்பது மட்டும் என் வருத்தமில்லை; கனமான அலுமினியக் கால்களில் நன்றாகச் சுடலாம். எத்தனை கிலோ தாங்கும் என்பது உடையாமல் நிற்பதைச் சொல்கிறதே தவிர, ஆடாமல் நிற்பதைச் சொல்வதில்லை. என் ரைஃபிள் 4.5 கிலோதான். ஆனால் டிரைபாடின் உச்சியில் துப்பாக்கியைத் தாங்கும் கவைக்கும் தோளில் பதியும் கட்டைக்கும் இடையே ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கும்போது, ஒரு முனை 1 மில்லிமீட்டர் அசைந்தாலே 50 மீட்டரில் குறி 10 சென்டிமீட்டர் விலகிவிடும். ஆகவே நாற்காலியில் அமர்கிறவர்கள், தடித்த மேல்கால்களை மட்டும் நீட்டினாலே தோளுயரத்துக்கு வரக்கூடிய டிரைபாடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய கீழ்க்காலையோ நடுத்தண்டையோ உயர்த்தித்தான் உயரம் கிடைக்கும் என்றால், எவ்வளவு விலை குறைந்தாலும் அதை வாங்க வேண்டாம். எனக்கு விற்றதில் இரண்டையும் உயர்த்த வேண்டியிருந்தது. ஸ்பிரிங் வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அது சுடும்போது முன்னும் பின்னும் உதைப்பதால், கடினமான பிளாஸ்டிக் கவையில் வைத்தால் குறி மாறும், மெத்தென்ற தாங்கலே அதற்குப் பொருந்தும். எந்தத் துப்பாக்கிக்கு என்று கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மணல் பையிலும் அதே கதைதான். துப்பாக்கிக் கட்டைக்கு அடியில் வைக்கும் பை கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால்தான் பின்முனை அசையாது. அதற்காகவே ஜிர்கான் போன்ற கனமணலை நிரப்புவார்கள். மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணலைக் கையில் அள்ளிப் பார்த்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கனம் தெரியும். (கடற்கரையில் போய் அள்ளிவிடாதீர்கள், அதில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்திருக்கிறது, எடுப்பதும் சட்டவிரோதம்.) ஜிர்கான் என்று விற்ற பையைப் பிரித்து ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளந்தேன். ஜிர்கான் மணல் லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ நிற்க வேண்டும்; இதுவோ ஒன்றரை கிலோதான் காட்டியது. மேலே மரத்தூள், அடியில் சாதாரண ஆற்று மணல்.

திருப்பிக் கொண்டு போனபோது, விளையாட்டுப் பொருட்களை விற்றால் மீண்டும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ரசீதில் "ஸ்டாண்டு 1, பை 1" என்று மட்டுமே எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பொருளின் தன்மையையும் அளவையும் ரசீதில் எழுதித் தர மறுக்கிற கடையில் பணத்தை நீட்டாதீர்கள். நல்லவேளையாக, அச்சிட்ட பெட்டியை எறியாமல் வைத்திருந்தேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டும் கடை அசையாததால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம்.

ஒட்டுத்தாள் உரிந்த அந்த டிரைபாட் காலை விசாரணைக்காக அப்படியே வைத்திருக்கிறேன். இப்போது தெரிந்த ஆசாரி ஒருவர் அயனி மரத்தில் செய்து தந்த முக்காலித் தாங்கியில்தான் சுடுகிறேன். தூக்கிச் செல்லச் சிரமம். ஆனால் மரம் அதிர்வைச் சீக்கிரம் அடக்கிவிடுகிறது. தாங்கி நிலைகொள்ளக் கட்டும் எடைப்பையை அந்தரத்தில் தொங்கவிட்டால் காற்றில் ஆடும் என்பதால், அது தரையில் படும்படி கயிற்றை நீளமாகக் கட்டியிருக்கிறேன். பென்சில் கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது.